பிரேக் அடித்தது யார்?

விடுமுறை நாளன்று காலையில் உங்கள் தெருவில் சும்மா ஒரு நடை போய்ப் பாருங்கள். பத்து வீட்டுக்கு ஒரு வீட்டு வாசலிலாவது, நிறுத்தி வைத்த காருக்குப் பக்கத்தில் குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்து, முதுகைத் தெருவுக்கும் முகத்தைச் சக்கரத்துக்கும் கொடுத்து, நாக்கு நுனியை உதட்டோரம் துருத்திக்கொண்டு, சின்ன பிரஷ் ஒன்றால் அந்தச் சக்கரத்துக்குப் பல் துலக்கிவிட்டுக்கொண்டிருப்பார் ஒருவர். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வீடு பற்றி எரிந்தாலும், அந்த வெளிச்சத்தில் நட்டுக் குழிக்குள் அழுக்கு தெரிகிறதா என்றுதான் பார்ப்பார். இவர்தான் சக்கரதாரி. கையில் சக்கரம் ஏந்தியவர் என்று பொருள் சொல்லிக்கொள்ளுங்கள். ஏந்தியதை இவர் கீழே வைப்பதே இல்லை.

இந்த இனத்தைப் பற்றிப் பேச உனக்கென்ன அருகதை என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஒரு சக்கரதாரியின் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். என் ஜன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது அவருடைய வழுக்கை, அடுத்தது அவருடைய வாளி. அது போதாதென்று அவர் என் அக்காவின் கணவர். அத்தான் என்று கூப்பிட்டே தீர வேண்டிய உறவு. ஆகவே நான் எழுதுவதில் ஒரு சொட்டுக் கலப்படம்கூடக் கிடையாது. எங்கேயாவது இருந்தால், அது அவர் மானத்தைக் காப்பாற்றச் சேர்த்ததாகத்தான் இருக்கும்.

முதலில் ஒன்று. சக்கரதாரியைக் கார்ப் பைத்தியம் என்று தப்பாக நினைத்துவிடாதீர்கள். காரைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. அத்தானுடைய காரில் பின்பக்கக் கண்ணாடியை இறக்கினால் ஏறாது. ஏற்ற வேண்டுமானால் ஒருவர் வெளியே நின்று இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி மேலே தூக்க வேண்டும். ஏசியைப் போட்டால் ஈரச் சாக்கு வாடை அடிக்கும். ஹாரனுக்கு எப்போதோ தொண்டை கட்டிவிட்டது. சீட்டுக்கு அடியில் எந்தக் காலத்து பிஸ்கட்டோ உதிர்ந்து கிடக்கிறது. எறும்புகள் அந்த இடத்துக்குப் பட்டாவே வாங்கிவிட்டன. இதெல்லாம் அவர் கண்ணில் படவே படாது. ஆனால் சக்கரம்? அந்த நான்கு அலாய்ச் சக்கரங்கள் இருக்கின்றனவே, அவற்றில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். செய்தும் இருக்கிறார்.

அந்தச் சடங்கை நீங்கள் ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். முதலில் சக்கரம் ஆற வேண்டும். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளுமாம். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல அதன்மேல் புறங்கையை வைத்து வைத்துப் பார்ப்பார். ஆறிவிட்டது என்று மனதுக்குத் திருப்தியானதும், சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, அலசுவதற்கு ஒரு வாளி என்று எடுத்து வைப்பார். இந்த வாளித் துணி தவறிப்போய் அந்த வாளியில் விழுந்தால் அன்றைக்கு வீட்டில் யாரோ ஒருவர் தொலைந்தார். அதற்கப்புறம் ஒரு மருந்தைப் பீய்ச்சுவார். பிரேக்கிலிருந்து உதிர்ந்து ஒட்டியிருக்கும் இரும்புத் தூசியைக் கண்டால் அது ஊதா நிறமாகி வழியும். ஒரு நாள், “மச்சான், ஊதா வந்துடுச்சு, ஓடி வா!” என்று அவர் கத்திய கத்தலில், யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து, முகத்தில் பாதிச் சோப்போடு மாடிப்படியில் விழுந்தடித்து இறங்கியிருக்கிறேன். கீழே அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, ஆனந்தக் கண்ணீர் தளும்ப, அந்த ஊதா வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பிரஷ்கள். கம்பிகளின் இடுக்குக்கு ஒன்று, நட்டுக் குழிக்கு ஒன்று, விளிம்புக்கு ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று. எல்லாம் பட்டுப்போல மிருதுவானவை. அவர் வாய்க்குள் விடும் பிரஷ்ஷை மட்டும் பார்த்துவிடாதீர்கள். நார்கள் நாலா பக்கமும் படுத்துவிட்டன. எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஒரு நாள் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு மனம் பொறுக்காமல் சொன்னார்: “சார், சக்கரத்துக்குக் காட்டற அக்கறையில கால்வாசி உங்க கடவாய்ப்பல்லுக்குக் காட்டியிருந்தா, போன மாசம் அதை நான் பிடுங்கியிருக்க வேண்டியதில்ல.”

அத்தான் நிமிரவே இல்லை. “பல்லு போனா கட்டிக்கலாம் டாக்டர். அலாய்ல குழி விழுந்தா விழுந்ததுதான்.”

அந்த டாக்டருக்கு ஒரு நாய் உண்டு. அத்தானுடைய ஜென்ம விரோதி. பளபளக்கும் சக்கரத்தில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ வெளியூர் நாய் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அது கொஞ்ச நேரம் குரைக்கும். குரைத்து ஓய்ந்த பிறகு, அந்த வெளியூர் நாய்க்குப் புத்தி வரட்டும் என்று காலைத் தூக்கும். நாயையும் குற்றம் சொல்வதற்கில்லை.

கடைசியில்தான் முக்கியக் கட்டம்: சீல் வைப்பது. பாலிஷ் போட்டு வழவழவென்று ஆன உலோகத்தின்மேல், கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சைப் பூசி, காய விட்டு, துடைத்து, திரும்பவும் பூசி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல், தூசி படாமல், முடிந்தால் யார் கண்ணும் படாமல் வைத்திருக்க வேண்டும். “ஒரு தடவை சீல் பண்ணிட்டா ஆறு மாசத்துக்குத் திரும்பிப் பார்க்கவே வேணாம் மச்சான்” என்பார். எனக்குத் தெரிந்து இந்த வாக்கியத்தை அவர் வாரம் விட்டு வாரம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சக்கரதாரிகள் மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்வதில்லை, தெரியுமா? “யாரு, ஓரமெல்லாம் உரசி வெச்சிருப்பாரே, அந்த அஞ்சு கம்பி அலாய்க்காரரா?” என்பார்கள். கல்யாணம், காட்சி எதுவானாலும் கூட்டத்துக்குள் நுழைவதற்கு முன் வாசலில் நிற்கும் வண்டிகளை ஒரு சுற்றுக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் நுழைவார்கள். ஒரு சாவு வீட்டில், எல்லாரும் வாயடைத்து நின்றுகொண்டிருந்தபோது, அத்தான் மட்டும் தலையை ஆட்டி ஆட்டி, “பாவம், யாருமே கவனிக்காம விட்டுட்டாங்க போல” என்று தழுதழுத்தார். செத்தவரின் மகன் அதைக் கேட்டு அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டான். அத்தான் சொன்னது சவ வண்டியின் முன்சக்கரத்தை.

சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம், குடிக்கிறாரா, சீட்டாடுகிறாரா, சக்கரத்தைத்தானே தேய்க்கிறார் என்று அவருக்காக நீங்கள் வக்காலத்து வாங்குவீர்கள். நானும் ஒரு காலத்தில் வாங்கியவன்தான். பிரேக் விஷயம் தெரிகிற வரைக்கும்.

சக்கரம் எதனால் கறுக்கிறது? பிரேக் அடிப்பதனால். பிரேக் அடித்தால் தேய்கிறது, தேய்ந்தால் கறுப்புத் தூசி பறக்கிறது, பறந்த தூசி நேராகப் போய் அலாயில் ஒட்டுகிறது. ஆக, என்ன செய்ய வேண்டும்? நீங்களும் நானும் அடிக்கடி கழுவ வேண்டும் என்போம். சக்கரதாரி அப்படி மேலோட்டமாக யோசிக்கிறவர் அல்ல. பிரேக்கே அடிக்கக் கூடாது என்பார். சிவப்பு விளக்கு எங்கேயோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும்போதே காலை எடுத்துவிட்டு, வண்டி தானாகச் சோர்ந்து, உருண்டு, பெருமூச்சு விட்டு நிற்கும்படி ஓட்டுவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அலற விடுவார்கள், ஜன்னலை இறக்கி அவருடைய முன்னோர்களை விசாரிப்பார்கள். அவர் காதில் எதுவும் ஏறாது. இன்னொரு விதியும் உண்டு: நடைபாதை ஓரக் கல்லுக்கு அருகில் போகவே கூடாது. கல் உரசினால் அலாயில் கீறல் விழும். எனவே காரை ஓரமாக நிறுத்துவது என்றால் அவர் அகராதியில் கிட்டத்தட்ட நடுத்தெரு.

இந்த மகானிடம்தான் என் அக்கா கார் ஓட்டப் பழகினாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவள். விழுந்து எழுந்தவர்களுக்கும் கை கால் இழுத்துக்கொண்டவர்களுக்கும் மறுபடி நடக்கக் கற்றுக்கொடுக்கிற வேலை. நாள் முழுக்க நின்றபடி, தன்னைவிட இரு மடங்கு எடையுள்ளவர்களைத் தாங்கிப் பிடித்துப் பிடித்து, அவள் இடுப்பு போய்விட்டது. அந்த ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு பதவி வந்தது: நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்த்து வரும் வேலை. பொழுதோடு வீடு திரும்பலாம், இடையிடையே காரிலாவது உட்காரலாம். மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, “உனக்குத்தான்மா இது. லைசன்ஸ் மட்டும் வாங்கிட்டு வா. ரொம்ப நாள் காத்திருக்க முடியாது” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மாடி ஏறி வந்து என்னிடம் அதைச் சொன்னபோது அக்காவின் முகம் இருந்த இருப்பை நான் மறக்க மாட்டேன்.

முதல் பரீட்சைக்குப் போனாள். பக்கத்தில் டெஸ்ட் அதிகாரி. பிறகு நடந்ததை அக்காவே சொல்லக் கேட்டேன்.

“நிறுத்துங்கம்மா.”

“நிறுத்தறேன் சார்.”

“எங்க நிறுத்தறீங்க? போயிட்டே இருக்கே!”

“இருங்க சார், தானா நிக்கும்.”

அந்த மனிதர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாராம். திறந்த பிறகு, போகட்டும், ஓரமாக நிறுத்திக் காட்டுங்கள் என்றிருக்கிறார். அக்கா நிறுத்தினாள். அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “ஓரம் எங்கம்மா இருக்கு?”

“அதோ தெரியுது பாருங்க சார்.”

பெயில். வீட்டுக்கு வந்து அக்கா அழவில்லை, சாப்பிடவும் இல்லை. அத்தான்தான் பொங்கிப் போனார். “அந்தாளுக்கு ஓட்டத் தெரியல! பிரேக் அடிக்காம ஓட்டறதுதானே கெட்டிக்காரத்தனம்?” என்று ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார். குதித்துவிட்டு, அன்றைக்கு ஓட்டிய காரின் சக்கரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு தூசி இல்லை. “எவ்வளவு நல்லா ஓட்டியிருக்கா பாரு!” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

அடுத்த தேதி கிடைத்தது. அதிலும் கோட்டை விட்டால் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும். அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். விடுமுறை நாட்களில் மத்தியானம் அத்தான் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடும் நேரம் பார்த்து, சாவியைச் சத்தம் வராமல் முந்தானையில் முடிந்துகொண்டு மாடிப்படியடியில் வந்து நிற்பாள். சொந்தமாக ஸ்கூட்டர் மட்டுமே உள்ளவன் என்றாலும் எனக்குக் கார் லைசன்ஸ் உண்டு, பக்கத்தில் உட்காருவேன். ஆளில்லாத மைதானத்துப் பக்கம் போவோம். “அடி அக்கா, பிரேக் அடி!” என்று நான் கத்துவேன். திருடுகிறவள்போலச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அடிப்பாள். முதல் தடவை கார் சட்டென்று நின்றபோது, நம்புங்கள், அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “டேய், நிக்குதுடா!” என்றாள். அதன்பிறகு அடித்தாள் பாருங்கள், நாய்க்கு அடித்தாள், காக்கைக்கு அடித்தாள், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஆசைக்கு அடித்தாள்.

குட்டு உடையாமல் இருக்குமா? ஒரு நாள் சாயங்காலம் வாசலில் ஒரு கூக்குரல். இறங்கிப் போனேன். அத்தான் ஒற்றை விரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் நுனியில் கறுப்பு.

“யாரோ பிரேக் அடிச்சிருக்காங்க” என்றார்.

குரலில் அப்படி ஒரு நடுக்கம். வீட்டில் பிணம் விழுந்திருந்தால்கூட இன்னும் நிதானமாகச் சொல்லியிருப்பார். விசாரணை தொடங்கியது. நான் எங்கே இருந்தேன்? மாடியில். அக்கா? அடுப்படியில். டாக்டர் வீட்டு நாய்? நாய்க்கு ஓட்டத் தெரியாது. அக்கா காபியை ஆற்றியபடி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், “நேத்து நீங்கதானே கடைக்கு எடுத்துட்டுப் போனீங்க? மறந்தாப்ல அடிச்சிருப்பீங்க” என்றாள்.

“நானா?” கறுப்பு விரலைத் தன் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டார். “என் மேல பழி போடாதே. நான் அந்தப் பழக்கம் உள்ளவன் இல்ல!”

அன்று முழுக்க எங்கள் இருவரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரீட்சைக்கு முந்தின நாள் வந்தது. வேலை முடிந்து சாயங்காலம் ஸ்கூட்டரை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தவன் வாசலில் அப்படியே நின்றேன். கார் நான்கு மரக்கட்டைகளின்மேல் நின்றது. சக்கரங்களைக் காணோம். திருட்டு என்றே நினைத்தேன். “அக்கா!” என்று கத்திக்கொண்டு கூடத்துக்குள் ஓடினால், சோபாவில் இரண்டு, தரையில் இரண்டு, தலையணை போட்டு, அக்கா கட்டிலுக்கு விரிக்கிற நல்ல விரிப்பை மடித்துப் போட்டு, மின்விசிறிக்கடியில் நான்கு சக்கரங்களும் சுகமாகப் படுத்திருக்கின்றன. நடுவில் அத்தான் காகித அட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறார். அக்கா சுவரோரமாக, கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட மறந்து நின்றுகொண்டிருந்தாள்.

“உஷ்!” என்றார் அத்தான் என்னைப் பார்த்து. “ரெண்டாவது பூச்சு போட்டிருக்கேன். உள்பக்கமும் சேர்த்து. கழட்டாம உள்பக்கம் வராது.”

“இன்னைக்குத்தானா அத்தான்?”

“பின்னே? நாளைக்கு அவளுக்கு டெஸ்ட்டு இல்லையா? அதிகாரி முதல்ல பார்க்கறது சக்கரத்தைத்தானே? சக்கரத்தைப் பார்த்ததுமே, இது ஒழுங்கான குடும்பம்னு புரிஞ்சுடும். எல்லாம் அவளுக்காகத்தான்.”

இதில்தான் நான் தடுமாறிப் போனேன். அந்த மனிதர் சத்தியமாக அதை அன்பினால்தான் செய்திருந்தார். முழங்கால் இரண்டும் சிவந்து கன்றிப்போய், விரல் இடுக்கெல்லாம் பாலிஷ் ஏறி, காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடாமல் செய்திருந்தார். அக்காவும் அதைப் பார்த்தாள் போலிருக்கிறது. ஒரு சொல்லும் கடிந்து பேசாமல், “காலையில மாட்டிடுவீங்கதானே?” என்று மட்டும் கேட்டாள்.

“விடிஞ்சதும் மாட்டிடறேன்” என்றார்.

விடிந்தது. வானம் இருண்டு கிடந்தது. நான் கீழே வந்தபோது அத்தான் ஒரு சக்கரத்தின் விளிம்பைச் சுண்டுவிரலால் தொட்டு, விரலைப் பார்த்து, மறுபடி தொட்டுக்கொண்டிருந்தார். குளித்து உடுத்தித் தயாராக அக்கா எதிரில் நின்றாள்.

“லேசா ஒட்டுது” என்றார் அத்தான். “ராத்திரி ஈரக்காத்து. சரியாப் பிடிக்கல. இப்ப மழை வேற வரும் போலிருக்கு. தண்ணி பட்டா பூச்சு மொத்தமும் வீண்.” கொஞ்சம் தயங்கினார். “ஏம்மா, இந்த டெஸ்ட்டைத் தள்ளிப் போட முடியாதா?”

அக்கா கைப்பையை மேசைமேல் வைத்தாள்.

“இத்தனை வருஷமா நின்னுக்கிட்டே வேலை பார்க்கறேன்” என்றாள். குரல் உயரவில்லை. “அடுத்தவங்களை நிக்க வெச்சு நிக்க வெச்சு, எனக்கு இப்ப குனிஞ்சா நிமிர முடியல. இந்த வேலை எனக்கு வேணும். ஆசையா வேணும். என் இடுப்பும் தேஞ்சுதான் போச்சு. அதுக்கு நீங்க ஒரு நாளாவது பாலிஷ் போட்டீங்களா?”

“அது இல்லம்மா, நான் சொல்றது…”

“நகருங்க.”

சோபாவிலிருந்து ஒரு சக்கரத்தை நிமிர்த்தி, கூடத்தின் குறுக்கே உருட்டினாள். “உருட்டாதே! தரையில படுது! தூக்கு, தூக்கு!” என்று அத்தான் அலறினார். தூக்கினாள். ஆளையே தூக்கி நிறுத்துகிறவளுக்குச் சக்கரம் எம்மாத்திரம்? நான் ஜாக்கி வைத்துக் கட்டையை உருவ, அக்கா சக்கரத்தைப் பொருத்த, நான் நட்டை முடுக்க, ஒவ்வொரு சக்கரமும் ஏறி முடிந்ததும் அத்தான் பின்னாலேயே வந்து எங்கள் கைரேகையைத் துடைத்தார். வேண்டாம் என்று தடுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தடுக்கிற தைரியம் அவருக்கு அப்போது இல்லை.

டெஸ்ட் மைதானம் போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அக்காவும் அதே அதிகாரியும் காரில். நானும் அத்தானும் தகரக் கூரைக்கடியில். அதிகாரி ஏறுவதற்கு முன் சக்கரத்தைப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள். அவர் குடையை மடக்குவதில் மும்முரமாக இருந்தார். கார் கிளம்பியது, முதல் குட்டையிலேயே தொபுக்கென்று இறங்கியது. அத்தான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தூரத்தில், மழைத் திரைக்கு அப்பால், காரின் பின்னால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“அடிச்சுட்டா” என்றார்.

மறுபடி எரிந்தது. “ஐயோ, மறுபடியும்.” திருப்பத்தில் எரிந்தது, மேட்டில் எரிந்தது, கோட்டுக்கு முன்னால் அழகாக எரிந்தது. ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. அவருக்கு ஒவ்வொன்றும் நெஞ்சில் விழுந்தது. “அவளுக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்துச்சு மச்சான்?” என்று பரிதாபமாகக் கேட்டார். எனக்கு என்ன தெரியும் என்று கையை விரித்தேன்.

மைதானத்தின் மறுகோடியில் கார் நின்றது. ஓரத்தில், நிஜமான ஓரத்தில். அதிகாரி இறங்கினார், ஜன்னல் வழியாக ஏதோ சொன்னார், அலுவலகத்துக்குள் போனார். அக்கா காரைத் திருப்பிக்கொண்டு எங்களை நோக்கி வந்தாள், நேராக, வேகமாக. கூரைக்கு எதிரே ஓரக் கல்லை ஒட்டி நிறுத்தினாள். ஒட்டி என்றால் நன்றாகவே ஒட்டி. கர்ர்ர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. அக்கா மழையிலேயே இறங்கி ஓடி வந்தாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, முகம் முழுக்கச் சிரிப்பாக, கண் முழுக்கத் தண்ணீராக, “என்னங்க!” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

அத்தானும் ஓடினார். அவளைத் தாண்டி ஓடினார். முன்சக்கரத்தின் அருகே மழையில் குந்தி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து துணியை உருவி, அந்தக் கீறலைத் தடவினார்.

விரித்த கை விரித்தபடி அக்கா நின்றாள். “என்னங்க, நான் இங்க இருக்கேன்.”

“ஒரு நிமிஷம்மா.”

அக்கா அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுத்தாள். முழுசாகக் கொடுத்தாள். அவர் நிமிரவில்லை. அவள் கையைக் கீழே போட்டாள், காரைச் சுற்றிப் போனாள், ஏறினாள், கதவைச் சாத்தினாள். சக்கரம் அவர் துணிக்கடியிலிருந்து மெல்லக் கழன்று உருளத் தொடங்கியது. குந்திய நிலையிலேயே நாலு எட்டு அதன் கூடவே தத்திப் போனார். பிறகு கார் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. திருப்பத்தில் ஒரு தடவை சிவப்பு விளக்கு எரிந்தது, நல்ல அழுத்தமாக.

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கப் பிடிக்கவில்லை. நாங்கள் இருவரும் சொட்டச் சொட்ட நனைந்து பஸ் ஏறினோம். பாதி வழி வரைக்கும் அத்தான் கையிலிருந்த துணியைப் பிழிந்தார், மடித்தார், பிரித்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல என் பக்கம் திரும்பினார்.

“ஏன் மச்சான், அவ பாஸா, பெயிலா?”

அக்கா இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறாள். காலையில் சாவியை எடுத்துக்கொண்டு போகிறவள் பொழுது சாயத் திரும்பி வருகிறாள். இடுப்பு வலி பாதி குறைந்துவிட்டது என்கிறாள். சக்கரங்கள் நான்கும் அடுப்புக்கரி. முன்சக்கரத்துக் கீறல் அப்படியே இருக்கிறது. அதில் கை வைத்தால் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்று எச்சரித்திருக்கிறாள். பிறந்த வீடு என்றால் மாடிதான், இருந்தாலும் அத்தான் பயந்துவிட்டார். டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியை எடுத்து வந்து விடுமுறை நாளில் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஆபீசுக்கு அவர் பஸ்ஸில் போகிறார். பஸ்காரர் பிரேக் அடிக்கும்போதெல்லாம் உச்சுக் கொட்டுகிறார் என்று கேள்வி.

இதையெல்லாம் படித்துவிட்டு, நல்லவேளை, நம்மிடம் காரே இல்லை என்று சாய்ந்து உட்காருகிறீர்கள் பாருங்கள், அந்த நிம்மதியைத்தான் நான் நம்புவதில்லை. சக்கரதாரி ஆவதற்குக் கார் வேண்டும் என்று யார் சொன்னது? வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறையைக் கழற்றாத சோபா உங்கள் வீட்டில் இல்லையா? பாலித்தீன் பைக்குள் மூச்சுத் திணறும் ரிமோட்? யாரும் தொடக் கூடாத அலமாரிக் கண்ணாடிக் கோப்பை? இருக்கட்டும், அதற்கெல்லாம் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒரே ஒரு பரீட்சை மட்டும் வைக்கிறேன். கூடத்தை இப்போதுதான் பளிங்காகத் துடைத்து முடித்திருக்கிறீர்கள். மாப்பைச் சுவரில் சாய்க்கிறீர்கள். அந்த நேரம் பார்த்து, உங்களுக்கு வேண்டியவர் ஒருவர், மூச்சிரைக்க, முகமெல்லாம் சிரிப்பாக, உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று, சேற்றுச் செருப்போடு உள்ளே ஓடி வருகிறார். அவர் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு ஒரு வார்த்தை கத்துவீர்களே, அது என்ன வார்த்தை?

“செருப்பு!” என்பதுதானே? அப்படியானால் வாருங்கள். பஸ்ஸில் அத்தானுக்குப் பக்கத்து சீட்டு காலியாகத்தான் இருக்கிறது.